காற்றுக்கு விட்ட கிரேன்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கியபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணிகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. கிரேன் மட்டும் அந்தக் காற்றுக்குக் குறுக்கே நின்றது.

வாயில் நுரையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"என்னங்க, மூத்தவ இன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி.

கிரேனுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் கிரேன் ஓட்டுகிறவன். ஊருக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு கிரேன் என்று எத்தனை மாறினாலும் அவளுக்கு எல்லாமே மூத்தவள்தான். ஆனால் இந்தக் கிரேன்மேல் அவளுக்குத் தனிக் கோபம். மற்றவை எல்லாம் வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போகப்பட்டன. இது போகவில்லை.

ஐம்பத்தெட்டு மாடி என்று பலகை வைத்துத் தொடங்கிய கட்டடம். நாற்பத்தொன்று எழும்பியதும் கம்பெனி நொடித்துப்போனது. ஒரே வாரத்தில் தச்சர்கள், கம்பி கட்டுகிறவர்கள், எஞ்சினியர்கள் எல்லோரும் காணாமல் போனார்கள். உச்சியில் இருக்கும் கிரேனைக் கழற்ற இன்னொரு கிரேன் வேண்டும். அதைக் கொண்டுவர ஒரு முதலாளி வேண்டும். இரண்டும் இல்லாததால் இரண்டு வருஷமாக அது அங்கேயே நிற்கிறது. வேலைக்கு நடந்தே போகலாம் என்று கட்டடத்தை ஒட்டிய தெருவில் வாடகைக்கு வந்த நாங்களும் இங்கேயே இருக்கிறோம். நான் இப்போது ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இருநூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தவன் இரண்டடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மேலே இருந்த அமைதி கீழே கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அங்கே அடுத்த சுமை கட்டி முடிகிற வரை ஒரு மணி நேரமானாலும் ஒருவரும் பேசமாட்டார்கள். மடியில் புத்தகம் இருக்கும். வார்த்தை தேவைப்படாத ஒரு வாழ்க்கை எனக்கு அப்படித்தான் பழகியது.

துணிகளை மறுபடி பார்த்தேன். கிரேனை மறுபடி பார்த்தேன். அது அசையவில்லை.

கிரேனை விட்டு இறங்கும்போது ஓட்டுகிறவன் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிரேன் சுழலாமல் பிடிக்கிற பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். 'காற்றுக்கு விடுவது' என்போம். அப்படி விட்டுவிட்டால் அதன் நீண்ட கை காற்று போகும் பக்கமாகத் தானே திரும்பிக்கொள்ளும். எவ்வளவு பெரிய காற்றானாலும் உரசிக்கொண்டு போய்விடும். பிரேக்கைப் போட்டுப் பூட்டிவிட்டால், குறுக்கே வருகிற காற்றை அறுபது மீட்டர் நீளக் கை மொத்தமாக நெஞ்சில் வாங்கும். சாதாரணக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும். புயலை வாங்க முடியாது. கம்பம் முறியும்.

கடைசி நாளன்று நான் அதைக் காற்றுக்கு விட்டுவிட்டுத்தான் இறங்கினேன். இரண்டு வருஷமாகத் தினமும் அது திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமைகூடத் திரும்பியது. அதற்குப் பிறகு மூன்று நாள் காற்றே இல்லை.

"யாரோ பூட்டியிருக்காங்க" என்றேன்.

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். நான் காலையில் தானாக ஒரு வாக்கியம் பேசினால் அது விசேஷம் என்று அவளுக்குத் தெரியும்.

"எத?"

"கிரேன. புதன்கிழமை சாயங்காலம் புயல் கரைக்கு வருதுன்னு சொல்றாங்கல்ல? அது இப்படியே நின்னா..." முடிக்க முடியவில்லை. விரலால் காட்டினேன். கிரேனின் கம்பம் நிற்கும் மூலையிலிருந்து நேர் கீழே எங்கள் தெரு. நாற்பது வீடு. தையல்கடை. எங்கள் ஜன்னல்.

அவள் கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நிறுத்தச் சொன்னது நாமதானேங்க."

ஆமாம். போன மாதம்.

ஆளில்லாத கிரேன் தானாகச் சுற்றுகிறது என்று தெருவில் பலருக்குப் பயம். தையல்கடைக்காரர் தன் கடையிலேயே கூட்டம் போட்டார். மனு எழுதினார்கள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். "அண்ணே, நீங்க ஓட்டினவரு. இது இப்படிச் சுத்தலாமா?" என்று தையல்காரர் நேரடியாகவே கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை முகங்களுக்கு முன்னால் பிரேக், காற்று, கம்பம் என்று தொடங்கி விளக்க வேண்டும் என்று நினைத்ததுமே நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. "அது அப்படித்தான்" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் யாரோ வேறு பேச்சை எடுத்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மனு எங்கே போய்விடப் போகிறது, எந்த மேஜையிலோ தூங்கும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"உங்க கையெழுத்தையும் நான்தான் போட்டேன்" என்றாள் மனைவி. "நாள் பூரா அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, அது நின்னுபோனாலாவது என் பக்கம் திரும்புவீங்கன்னு. அது ஆபத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

அவள் சொன்னது அத்தனையும் சரி.

"மூஞ்சியக் கழுவுங்க" என்றாள். "எந்த ஆபீஸ்னு தெரியுமா?"

நொடித்துப்போன கம்பெனியின் சொத்துக்களைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒரு அலுவலகத்தை நியமித்திருந்தது. பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், நீளமான ஒரு அறை. சுவர் முழுக்கக் கோப்புகள். நடுவில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு காற்றாடி, அதற்குப் பின்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண் அதிகாரி. பத்து மணிக்கு உள்ளே போனோம். மனைவியும் வந்தாள். நீங்கள் தனியாகப் போனால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டே வந்தாள்.

அதிகாரி மனுவை உடனே எடுத்துவிட்டார்.

"இது முடிஞ்சுபோன விஷயமாச்சே. சனிக்கிழமை ஆளை அனுப்பி நிறுத்தியாச்சு. உங்க தெருவிலேருந்து நன்றி சொல்லி லெட்டர் கூட வந்திருக்கு."

"யாரை அனுப்பினீங்க மேடம்?" என்றேன்.

"நம்ம கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பாக்கறவரு. ரொம்ப கெட்டிக்காரரு."

லிஃப்ட் மெக்கானிக். எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் மேல் தப்பே இல்லை. லிஃப்ட்டுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் பிரேக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடித்தால் உயிர், விட்டால் சாவு. வாழ்நாள் முழுக்க அதையே செய்த ஒருவர் நாற்பத்தொரு மாடி ஏறிப் போய், விடுபட்டுக் கிடந்த ஒரு பிரேக்கைப் பார்த்திருக்கிறார். பதறிப்போயிருப்பார். எந்த மடையன் இப்படி விட்டுவிட்டுப் போனான் என்று என்னைத் திட்டியிருப்பார்.

"அது நிக்கக் கூடாது மேடம்" என்றேன்.

"நிக்கக் கூடாதா?"

"சுத்தணும்."

"சுத்தினா ஆபத்துன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இதோ, உங்க கையெழுத்து."

மனைவி தரையைப் பார்த்தாள். எனக்கு என்னென்னவோ சொல்ல வந்தது, எதுவும் வரிசையாக வரவில்லை. கடைசியில் அந்த மனு இருந்த கோப்பையே கையில் எடுத்தேன். மேஜைக் காற்றாடிக்கு முன்னால், அதன் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி பிடித்தேன்.

"இது காத்துக்கு விட்ட கிரேன்."

கோப்பு அசையாமல் இருந்தது. பிறகு அதைக் குறுக்கே திருப்பினேன்.

"இது நீங்க பூட்டின கிரேன்."

நான் நினைத்ததைவிட வேகமான காற்றாடி. கோப்பு என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. மனு, நன்றிக் கடிதம், வரைபடம், ரசீது என்று அறை முழுக்கக் காகிதம் பறந்தது. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். மனைவி ஓடி ஓடிப் பொறுக்கினாள்.

"அவரு வேணும்னு செய்யல மேடம்" என்றாள் தரையிலிருந்தே. "பேச வராது, அதான்."

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்து மெக்கானிக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். அவர் எங்கோ வெளியூரில் இருந்தார்.

"கவலையே படாதீங்க மேடம்" என்றது குரல். "பிரேக்க நல்லாப் போட்டுவிட்டு, லிவரைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன். புயலே வந்தாலும் ஒரு அங்குலம் அசையாது."

காற்றாடி மட்டும் சுற்றியது. எனக்குப் பிடித்த வகை அமைதிதான் அது, ஆனால் அன்றைக்கு அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க ஏறுவீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஏறுவேன்."

"உங்க வயசு?"

"ஐம்பத்து மூணு."

"முழங்கால் வலி வேற" என்றாள் மனைவி. நான் அவளைப் பார்த்தேன். "கேக்கறாங்கல்ல, முழுசாச் சொல்லணும்."

அதிகாரி ஒரு தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். நாளைக் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிடச் சொல்லிக் காவலாளிக்கு உத்தரவு. பதினொரு மணிக்குள் கிரேன் திரும்பாவிட்டால் தெருவைக் காலி செய்ய வைப்பதாகவும், தீயணைப்புத் துறையிடம் இப்போதே சொல்லி வைப்பதாகவும் சொன்னார். என் பெயருக்குக் கீழே என்ன பதவி எழுத என்று கேட்டார்.

"கிரேன் ஆப்பரேட்டர்" என்றேன். சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கிளம்பும்போது, "இத போன மாசமே யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார் அவர், பொதுவாகத்தான். அந்த யாராவது படியிறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. காற்று இன்னும் பெரிதாக இல்லை, விட்டு விட்டுத்தான் வந்தது. தெருவில் அதற்குள் செய்தி பரவிவிட்டது. தையல்காரர் கடை வாசலில் இரண்டு மிஷின்களையும் கயிறு போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, பதினொரு மணிக்குக் கிளம்பணுமாமே. இந்த ரெண்டையும் தூக்கிட்டு நான் எங்க போவேன்? நீங்க அத எப்படியாவது..." கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டினார். "அன்னிக்கு நான்தான் முன்னாடி நின்னு மனு எழுதினேன்."

"என் மேலதான் தப்பு" என்றேன். "கேட்டப்ப நான் சொல்லல."

அவர் ஆச்சரியப்பட்டார். நான் பேசியதற்கா, சொன்னதற்கா என்று தெரியவில்லை.

காவலாளியைத் தெருவில் எல்லோரும் மேஜர் என்பார்கள். பட்டாளத்துப் பக்கமே போனதில்லை. பச்சை நிறத்தில் ஒரு தொப்பி போடுவார், அவ்வளவுதான். கட்டடத்துக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள் அவர். உத்தரவை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கப் போனார்.

"மேஜர் அண்ணே" என்றாள் மனைவி. "அது விழுந்தா எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க தகரக் கொட்டகை மேலதான் விழும்."

மேஜர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்தார். "நானும் வரேன்" என்றார்.

மனைவி என் தோள்பையைத் திறந்து பார்த்தாள். கட்டிங் பிளேயர், ஸ்பேனர், சுத்தியல், எண்ணெய்க் குப்பி, தண்ணீர், இடுப்பில் மாட்டும் பெல்ட். எல்லாம் இருந்தது. மூடினாள். தெருவில் திரும்பி நடந்தாள், நிமிர்ந்து பார்க்காமல்.

படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் சாக்கட்டியால் எண் எழுதியிருந்தது. முதல் பத்து மாடிகளில் இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகள், துருப்பிடித்த முட்டுக்கம்பிகள், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. கதவில்லாத வாசல்களும் ஜன்னலில்லாத ஜன்னல்களும். இங்கே குளியலறை, இங்கே படுக்கையறை என்று தரையில் நீலக் கோடு போட்டிருந்தார்கள். படுக்கையறையில் புறாக்கள் குடியிருந்தன.

பதினைந்தாவது மாடியில் மேஜருக்கு நாக்குத் தள்ளியது.

"ஆப்பரேட்டரே, பட்டாளத்துல இருந்தப்ப இதெல்லாம் எனக்குத் தூசு."

"எந்தப் பட்டாளம்?"

"சரி விடும்."

பதினேழாவது மாடியில் மட்டும் ஒரு வீட்டுக்குக் கதவு இருந்தது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முழுசாகக் கட்டி முடித்த மாடல் வீடு. மேஜர் பூட்டைத் திறந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோஃபா, அட்டையில் செய்த தொலைக்காட்சி, கண்ணாடிக் கிண்ணத்தில் மெழுகுப் பழங்கள். அலமாரியில் புத்தகங்கள் இருந்தன. ஆசையோடு ஒன்றை உருவினேன். வெறும் முதுகுதான், உள்ளே தெர்மகோல்.

சோஃபாவில் ஒரு தலையணையும் போர்வையும் கிடந்தன. மேஜர் அவற்றை வேறெங்கோ பார்த்துக்கொண்டே ஓரமாகத் தள்ளினார்.

"மதியத்துல இங்கதான் ரோந்து" என்றார். "இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த ஒரே ஆளு நான்தான். மேல நீர் போய்ட்டு வாரும். நான் இங்கிருந்தே கவனிச்சுக்கறேன்."

மிச்சம் இருபத்து நான்கு மாடி தனியாக ஏறினேன். வலது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி கேட்டது. முப்பதுக்கு மேல் காற்று உள்ளே புகுந்து, தூண்களுக்கு நடுவே ஊதத் தொடங்கியது. நான் நின்று நின்று ஏறினேன். நிற்கும்போதெல்லாம் தையல்கடைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் பேச வேண்டியிருந்தது ஐந்து நிமிஷம். ஒரு குடையை வைத்துக்கூட விளக்கியிருக்கலாம். பேசாமல் இருப்பதை நான் எப்போதும் ஒரு நல்ல குணமாகவே எண்ணி வந்திருக்கிறேன். யாருக்கும் கெடுதல் செய்யாத ஒன்று என்று. அந்தக் கெடுதல் இப்போது அறுபது மீட்டர் நீளத்துக்குத் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

நாற்பத்தொன்றாவது மாடி திறந்த தளம். அதற்கு மேல் கிரேனின் கம்பம், கம்பத்துக்குள் ஏணி. பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். மணி எட்டரை. ஏணியில் கால் வைத்ததும் ஒரு வீச்சு வந்தது. கம்பம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடி என் உள்ளங்கையில் முடிந்தது. கிரேன் சாதாரணமாக ஆடும், அந்த ஆட்டம் எனக்கு அத்துப்படி. இது அந்த ஆட்டம் இல்லை. வாயைப் பொத்தி வைத்திருக்கும்போது உடம்பு உதறுமே, அந்த மாதிரி.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. மோட்டார் மூடிக்குக் கீழே பிரேக் லிவர். மெக்கானிக் கெட்டிக்காரர்தான். லிவரைக் கீழே அழுத்தி, இரண்டு பக்கமும் கம்பியால் ஏழு ஏழு சுற்றுச் சுற்றி, முனையை யாருக்கும் குத்தாதபடி உள்ளே மடித்து விட்டிருந்தார். பிறர் உயிருக்குப் பயந்து செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் கட்டியதைப் பிரிக்க எனக்கு மனசே வரவில்லை.

ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். பதினான்காவது கம்பியும் போனதும் லிவரைப் பிடித்து மேலே தூக்கினேன். வரவில்லை. எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன். தூக்கினேன். வரவில்லை. ஸ்பேனரை நெம்புகோலாகக் கொடுத்து மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டபோது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு லிவர் மேலே ஏறி உட்கார்ந்தது.

பிரேக் விட்டுவிட்டது. கிரேன் திரும்பவில்லை.

பத்து மணி. காற்று நின்றிருந்தது. உண்மையிலேயே காற்று இல்லையா, இல்லை பிரேக் கட்டைகள் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டனவா என்று தெரிய வழியில்லை. ஒட்டிக்கொண்டிருந்தால் என் ஒருவனால் ஒன்றும் செய்ய முடியாது. சுத்தியலால் பிரேக் மூடியைச் சுற்றி மெதுவாகத் தட்டினேன். பிறகு உட்கார்ந்தேன். செய்வதற்கு வேறெதுவும் மிச்சமில்லை.

வாழ்க்கையில் எத்தனையோ மணி நேரம் அந்த உயரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எதற்காகவும் காத்திருந்ததில்லை. அன்று ஒரு புறாவின் இறகு என் காலடி இரும்புத் தளத்தின் ஓரத்தில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம். இறகு லேசாகத் தலையைத் தூக்கியது. பிறகு உருண்டது. பிறகு காணவில்லை. காற்று என் இடது காதில் அறைந்தது.

எதிரே தெரிந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று மெல்ல நகர்ந்தது.

தொட்டி எப்படி நகரும் என்று ஒரு கணம் குழம்பினேன். நகர்ந்தது தொட்டி இல்லை, நான். கிரேனின் கை திரும்பிக்கொண்டிருந்தது. துருவை அரைத்துக்கொண்டு, முனகிக்கொண்டு, பிறகு முனகல் நின்று வழுக்கிக்கொண்டு. அந்தப் பெருநகரம் முழுவதும் எனக்கு முன்னால் ஒரு கால் வட்டம் சுழன்றது. பாலம், ரயில் தண்டவாளம், பள்ளி மைதானம், எங்கள் தெரு. காற்று முதுகுக்கு வந்ததும் கிரேன் நின்றது. கம்பத்தில் அந்த நடுக்கம் இல்லை. பழைய ஆட்டம், எனக்குத் தெரிந்த ஆட்டம்.

நெஞ்சில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போனது. நான் சத்தம் போட்டு அழுதேன் என்று நினைக்கிறேன். அங்கே யாருக்கும் கேட்காது என்பது ஒரு வசதி.

தொலைபேசி அடித்தது.

"சுத்துதுங்க!" என்று கத்தினாள் மனைவி. பின்னால் ஒரே கூச்சல். "மொட்டை மாடில தெருவே நிக்குது. தையல்காரரு அழறாரு. அடுத்த வீட்டம்மா, ஐயோ ஆளில்லாம மறுபடி சுத்துதேன்னாங்க. ஆளில்லாம என்ன, என் வீட்டுக்காரரு உக்காந்திருக்காருன்னு சொன்னேன். கேக்குதா? ஏங்க?"

"கேக்குது."

"பேசுங்களேன் ஏதாவது."

"ஸ்பீக்கர்ல போடு" என்றேன். "எல்லாருக்கும் கேக்கணும்."

போட்டாள். கூச்சல் அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, முகங்களைப் பார்க்காமல், நான் சொல்லத் தொடங்கினேன். இன்று சாயங்காலம் இது நிறையச் சுற்றும், வேகமாகச் சுற்றும், பயப்படாதீர்கள். சுற்றுகிற வரைக்கும் நல்லது. நின்றுவிட்டால்தான் எனக்குச் சொல்ல வேண்டும். காற்றுக்குக் குறுக்கே பிடித்தால் முறிகிற குடையை உதாரணம் காட்டினேன். யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள், அதற்கும் சொன்னேன். இன்னொருவர் கேட்டார். கடைசியில் மனைவியின் குரல் வந்தது. "அவரு மொதல்ல எறங்கட்டும். மிச்சத்தக் கீழ வந்து கேளுங்க."

நாலரைக்குப் புயல் வந்தது. தெருவில் இரண்டு தண்ணீர்த் தொட்டி மூடிகளும் ஒரு விளம்பரப் பலகையும் பறந்தன. மேஜரின் கொட்டகைக் கூரை போய்விட்டது. அவர் அதற்கு முன்பே பதினேழாவது மாடிக்குக் குடிபோயிருந்தார். மழைக்குள் கிரேன் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தெரியும்போதெல்லாம் வெவ்வேறு பக்கம் பார்த்தது. எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரு தலை இருந்தது. ஆறரைக்குக் காற்று தளர்ந்தபோது அது நேராக, அலட்சியமாக, வேலை முடிந்த ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

ஏழு மணிக்கு அதிகாரி கூப்பிட்டார். நான் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மனைவி வெந்நீரில் முக்கிய துணியை முழங்கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"விழாம நிக்குதா?"

"நிக்குது மேடம். நல்லாருக்கு."

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்க ஆபீஸ் பொறுப்புல இதே மாதிரி நின்னுபோன கட்டடம் இன்னும் மூணு இருக்கு. மூணுலயும் கிரேன் இருக்கு. லிஃப்ட்காரரு எல்லாத்தையும்... போன வருஷமே ஜாக்கிரதையாப் பூட்டிட்டாராம். இன்னிக்குப் புயல் அந்தப் பக்கம் போகல, தப்பிச்சோம். நாளைக்கு உங்களால வர முடியுமா? அவரையும் கூட அனுப்பறேன், கத்துக்கணும்னு அவரே கேக்கறாரு."

"வரேன் மேடம்" என்றேன்.

மனைவி துணியை ஒரு அழுத்து அழுத்தினாள்.

"எத்தன மாடின்னு மொதல்ல கேளுங்க" என்றாள்.